நாலாம் கேட்டின் பொட்டு

போன வாரம், ஆயுதபூஜைக்கு முந்தின நாள், தலைநகரின் பெரிய சுரங்க மெட்ரோ நிலையத்தில் ஒரு கேட் என்னை உள்ளே விட மறுத்துவிட்டது. கைபேசியில் டிக்கெட் இருக்கிறது. கண்ணாடி மேல் காட்டுகிறேன், சிவப்பு விளக்கு. திருப்பிக் காட்டுகிறேன், மறுபடி சிவப்பு. தலைகீழாகவும் காட்டிப் பார்த்தாகிவிட்டது. பின்னால் நின்றவர் நாக்கைத் தட்டி ஒரு "ச்சொ" போட்டார். அந்த "ச்சொ" எனக்குப் பழக்கம். ஒரு காலத்தில் அதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு இதே இடத்தில் நின்றிருக்கிறேன். சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்து, "மேடம், பிரைட்னஸ் ஏத்துங்க" என்றாள். ஏற்றினேன். கதவு திறந்தது. ஊருக்கே கேட் தாண்டக் கற்றுக்கொடுத்தவளுக்கு இந்த அவமானம் தேவைதான்.

நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். முழுவதும் படித்தால் காரணம் உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டு வழித்தடங்கள் பூமிக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சந்திக்கும் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சுரங்கத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. தரை துடைக்கிற மருந்து, குளிர்ந்த காற்று, நகரும் படியின் ரப்பர் எல்லாம் கலந்தது. அன்றைக்கு அதற்கு நடுவில், எனக்குப் பின்னால் வந்தவரின் பையிலிருந்து சாமந்தியும் சந்தனமும் கற்பூரமும் மணத்தன. சட்டென்று திரும்பி நாலாம் கேட்டைப் பார்த்தேன். அங்கே என்ன பார்த்தேன் என்பதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் உங்களை எங்கள் லேடீஸ் பெட்டியில் ஏற்ற வேண்டும்.

எனக்குக் கவரைப்பேட்டை. அப்பா முதலில் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர், பிறகு கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன். நானும் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கேயே வேறொரு கம்பெனியில் நட்டும் போல்ட்டும் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நின்றபடி வேலை. புதிதாகத் திறந்த மெட்ரோ நிலையத்தில் காண்ட்ராக்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன், கிடைத்துவிட்டது. அங்கேயும் நாள் முழுக்க நிற்கிற வேலைதான். ஆனால் ஏ.சி.யில் நிற்கிற வேலை. கழுத்தில் அடையாள அட்டை, நீலச் சட்டை, கறுப்பு ஷூ. அப்பா ஊரில் பார்ப்பவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு மெட்ரோல கீது" என்று சொல்லிவைத்தார். அவர் சொல்லும் தோரணையைப் பார்த்தால் நான்தான் வண்டியை ஓட்டுகிறேன் என்று நினைக்கத் தோன்றும். நான் ஓட்டியது ஜனங்களை.

அப்போது டிக்கெட்டுக்குப் பதில் டோக்கன். சட்டைப் பொத்தானை விடப் பெரிய பிளாஸ்டிக் வில்லை. உள்ளே போகும்போது கேட்டின் தலையில் காட்ட வேண்டும், வெளியே வரும்போது ஒரு துவாரத்தில் போட வேண்டும். இவ்வளவுதான் பாடம். இதை நடத்தி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும். உள்ளே போகும்போதே போடுவதற்குத் துவாரம் தேடுவார்கள். மீஞ்சூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் டோக்கனை முதலில் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டுதான் மிஷினிடம் காட்டினார். ஒரு அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, முந்தானையையே கேட்டின் தலையில் வைத்தாள். கதவு திறந்தது! நகரும் படிக்குப் பயந்து அப்படியே திரும்பி வெளியே வரும்போதுதான் வினை. முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடிக்கிறாள், நானும் நகத்தால் நெம்புகிறேன், பின்னால் வரிசை வளர்கிறது. "புடவையோட போட்ரட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே, வேலையிலேயே கஷ்டமான பகுதி அதுதான். சீருடை போட்டவர்கள் பயணிகளைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்பது விதி.

விதிகளுக்கெல்லாம் சொந்தக்காரர் கன்ட்ரோலர் சார். கண்ணாடி அறைக்குள் கேமரா திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். மடிப்புக் கலையாத சட்டை. கையில் வாக்கி டாக்கி. எதிரில் நிற்கிறவரிடமும் அதில்தான் பேசுவார். எனக்கு ஆறு மாதக் காண்ட்ராக்ட், அது முடிகிறபோது நீட்டிக்கலாமா என்று எழுதுகிற பேனா அவருடையது. புகார் ஒன்று பதிவானாலும் பழையபடி நட்டு போல்ட்தான். ஆயுதபூஜை வந்தபோது என் ஆறு மாதம் முடியப் பதினோரு நாள் பாக்கி இருந்தது. நாள்காட்டியைப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருந்ததால் இன்றும் மறக்கவில்லை.

இப்போது பெட்டி. கும்மிடிப்பூண்டியில் காலையில் புறப்படும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் லேடீஸ் பெட்டி எங்களுடையது. ரயில்வேக்காரர்கள் தங்களுடையது என்று நினைத்திருக்கலாம். தலைவி கனகம்மா அக்கா. ஆந்திர எல்லையை ஒட்டின ஊர், நகரத்தில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். வண்டி பிளாட்பாரத்தில் நிற்கும்போதே முதல் ஆளாக ஏறி, வழியில் ஏறப்போகும் எங்கள் எட்டுப் பேருக்கும் இடம் போட்டுவிடுவார். ஒரு சீட்டில் டிபன் பாக்ஸ், ஒன்றில் சீப்பு, ஒன்றில் குடை, ஒன்றில் ஒற்றைச் செருப்புகூட இருக்கும். என் சீட்டுக்கு ஒரு நீலக்கட்டம் போட்ட கைக்குட்டை. வேறு யாராவது உட்காரப் போனால், "ஆளு வருது" என்பார். "எங்க வருது?" என்றால், "கவரப்பேட்டைல வருது, உனுக்கு இன்னா இப்போ?" என்பார். நான் ஏறியதும் கைக்குட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். ஆறு மாதமாக அந்தக் கைக்குட்டை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. என் பெயரில் அதற்கு முன் யாரும் எதையும் பிடித்து வைத்ததில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

உட்கார்ந்ததும் நாஷ்டா. பொன்னேரியில் ஏறும் ஸ்டெல்லாவின் டப்பா முதலில் திறக்கும். ரெடிமேட் துணி தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவள், இட்லியைக்கூடச் சம பங்காக வெட்டித் தருவாள். அத்திப்பட்டு வருவதற்குள் யார் டப்பாவில் யார் கை என்று தெரியாது. பேசின் பிரிட்ஜில் வண்டி சிக்னலுக்கு நிற்கும். நிற்காமல் போன நாள் எனக்கு நினைவில்லை. அங்கேதான் தலை வாருவது, பவுடர் போடுவது, மாமியார்களைப் பற்றிய மீதிக் கதையை முடிப்பது எல்லாம்.

ஆயுதபூஜை அன்று எங்கள் எல்லோருக்கும் லீவு. அதனால் பெட்டிக்குப் பூஜை முந்தின நாளே நடந்துவிடும். அந்த வருடம் நான் ஏறும்போதே ஜன்னல் கம்பிகளில் மாவிலைத் தோரணம், கலர் காகிதம், கைப்பிடிகளில் சாமந்திச் சரம். கனகம்மா அக்கா தட்டோடு நடந்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். மின்விசிறிக்கு ஒன்று, கதவு நடுவிலிருக்கும் கம்பிக்கு ஒன்று. ஆபத்துக்கு இழுக்கிற சங்கிலிக்கு வைக்கக் கையைத் தூக்கியபோது மட்டும் பெட்டியே சேர்ந்து அலறியது. "இழுக்கலமே, பொட்டுதான் வெக்கறேன்" என்று அதற்கும் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அடுத்து அவரவர் ஆயுதம். ஸ்டெல்லா, "எனக்குக் கர்த்தர் கோச்சுக்க மாட்டாரு, கத்திரிதான் கோச்சுக்கும்" என்று கத்திரிக்கோலை நீட்டினாள். கணக்கு எழுதுகிற கம்பெனிக்குப் போகிறவள் கால்குலேட்டர். கனகம்மா அக்கா தன் பையிலிருந்து டாக்டர் தள்ளிவிட்ட பழைய பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்து வாழையிலையில் வைத்தார். ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா கண்ணைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்துபோய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள்.

கடைசியாக என் முறை. என்னிடம் ஒன்றுமில்லை.

"இன்னாமே, எல்லாருக்கும் ஒண்ணு கீது. உனுக்கு இன்னா கீது?"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. நான் சும்மா நிக்கறதுதான்."

"சும்மா நிக்கறதுக்கு எவன் சம்பளம் குடுக்கறான்? இன்னாத்தாண்ட நிக்கற?"

"கேட்டாண்ட."

"அப்ப கேட்டுதான் உன் ஆயுதம். எடுத்துக்கினு வர வேண்டியதுதான?"

"அக்கா, அத தரையில போல்ட் போட்டு முடுக்கி வெச்சிகிறாங்க."

போல்ட் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு என்பதால் அழுத்தமாகவே சொன்னேன். அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். "அது வராதுன்னா நாம போவோம்" என்றார்.

மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. வண்டி நின்றதும் ஒன்பது பெண்கள் தட்டோடு இறங்கி, சாலையைக் கடந்து, நகரும் படியில் ஒருவர் பின் ஒருவராகப் பாதாளத்துக்கு இறங்கினோம். பையைச் சோதிக்கும் இடத்தில் பூஜைத் தட்டு எக்ஸ்ரே மிஷினுக்குள் போனது. தீப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். திரையில் குறட்டைப் பார்த்த காவல்காரப் பெண் என்ன இது என்று கேட்டாள். "பல்லு புடுங்கறது. வேணுமா?" என்றார் அக்கா. உடனே விட்டுவிட்டார்கள்.

கேட்டின் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள் வரிசையாக இருக்கும். ஆள் உள்ளே நுழைந்தாரா, தாண்டினாரா என்று பார்க்கிற கண்கள் அவை. கனகம்மா அக்கா குனிந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாருமே, பொட்டு வெக்கறதுக்குன்னே குறிச்சி வெச்சிகிறான்!"

உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அவை சென்சார் என்று எனக்குத் தெரியும். அங்கே கை வைக்கக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியும் கொடுத்தார்கள். துளிச் சந்தனம் என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அதைவிட, எட்டுப் பேர் என் மிஷினைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்ற பெருமை கண்ணை மறைத்தது. கன்ட்ரோலர் சார் இரவுப் பணிக்காரரிடம் பொறுப்பு வாங்கிக்கொண்டிருந்த நேரம். ஐந்தே நிமிடத்தில் நாலு கேட்டுக்கும் ஒரு கண் விடாமல் சந்தனம், அதன்மேல் குங்குமம். நாலாவது கேட்டின் கடைசிக் கண்ணுக்கு என்னையே வைக்கச் சொன்னார்கள். மோதிர விரலால் தாராளமாக, நன்றாக அப்பி வைத்தேன்.

அவரவர் வேலைக்குக் கலைந்தார்கள். அக்காவும் ஸ்டெல்லாவும் மட்டும் டோக்கன் வாங்க வரிசைக்குப் போனார்கள். சந்தனம் காய ஆரம்பித்தது.

முதலில் நாலாம் கேட் நின்றது. யாரோ நடுவில் நிற்கிறார் என்று அது நம்பிவிட்டது. யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் கீச் கீச்சென்று கத்தியது. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. நாலிலும் சிவப்புப் பெருக்கல் குறி. அந்தப் பக்கம் உள்ளே போக இருந்தவை அந்த நாலு கேட்டுகள்தான். மேலே புறநகர் வண்டிகள் வரிசையாக ஜனங்களைக் கொட்டுகிற நேரம். வரிசை வளர்ந்து நகரும் படியின் அடிவாரம் வரை போய்விட்டது. படி நிற்காமல் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தது.

கன்ட்ரோலர் சார் வந்தார். பின்னாலேயே கேட் டெக்னீஷியன் பாஸ்கர் கருவிப் பையோடு ஓடிவந்தார். இருவருக்கும் நடுவில் இரண்டடி தூரம். "கன்ட்ரோல் டு பாஸ்கர். என்ன ப்ராப்ளம்? ஓவர்" என்றார் சார் வாக்கி டாக்கியில். பாஸ்கரின் இடுப்பிலிருந்து அதே குரல் இன்னொரு தரம் கேட்டது.

பாஸ்கர் மூடியைத் திறந்து பார்த்தார். கரண்டைத் துண்டித்து மறுபடி கொடுத்தார். ஒயர்களை அசைத்தார். லேப்டாப்பை மாட்டினார். "உள்ள எல்லாம் ஓகே சார். சர்வர்ல ஏதோ கோளாறு" என்றார். சர்வர் ஆட்களைக் கேட்டால் கேட்டில்தான் கோளாறு என்றார்கள். கீழே வண்டி ஓடுகிற அதிர்வாக இருக்குமோ என்று ஒரு பயணி கருத்துச் சொன்னார். எலி என்றார் இன்னொருவர்.

இதில் விசேஷம் என்ன தெரியுமா? எல்லோர் கண் முன்னாலும் பொட்டு இருக்கிறது. பாஸ்கர் மூடியைத் திறக்கும் முன் அந்தப் பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் திறந்தார். சார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆயுதபூஜை சமயத்தில் நம் ஊரில் பொட்டு வைத்த மிஷின் யார் கண்ணுக்கும் வித்தியாசமாகத் தெரியாது. வைக்காத மிஷின்தான் தெரியும். காரணத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அதைக் கும்பிட்டுவிட்டு வேறெங்கோ தேடினார்கள். அத்தனை பேரிலும் காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பதினோரு நாள், பதினோரு நாள் என்று மனசு அடித்துக்கொண்டிருந்தது.

பேசாமல்தான் இருந்திருப்பேன். நான் அப்படியொன்றும் உத்தமி இல்லை. ஆனால் சார் திடீரென்று வாக்கி டாக்கியை இறக்கிவிட்டு, வெறும் வாயால் பேசினார். அது எவ்வளவு பெரிய கோபம் என்று எங்களுக்குத்தான் தெரியும். "பாஸ்கர், நேத்து சர்வீஸ் பண்ணேன்னு கையெழுத்துப் போட்டிருக்கே. என்னய்யா சர்வீஸ் பண்ணே? இன்னிக்கே உன்மேல ரிப்போர்ட் எழுதறேன்." பாஸ்கரின் நெற்றியில் அவர் காலையில் வைத்த சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை வந்துவிட்டது. ஏ.சி. அவருக்கு மட்டும் வேலை செய்யவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபின் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

பாக்கெட்டில் கை விட்டேன். கனகம்மா அக்காவின் கைக்குட்டை. பூஜை அமளியில் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன். என் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அதை நனைத்து, நாலாம் கேட்டருகே குந்தி உட்கார்ந்து, கண் கண்ணாகத் துடைத்தேன். கடைசிக் கண் என்னுடையது, அதற்கு இரண்டு தரம் தேய்க்க வேண்டியிருந்தது. கீச்சுச் சத்தம் நின்றது. பெருக்கல் குறி மறைந்து பச்சை அம்பு வந்தது.

"என்ன பண்ணே?" என்றார் சார்.

"பொட்ட அழிச்சேன் சார்."

வரிசையின் முன்னால் நின்ற ஒரு அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யய்யோ! பூசை நாளும் அதுவுமா பொட்ட அழிக்கறியே, நீ நல்லா இருப்பியா?" என்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் ஆமாம் போட்டார்கள். இன்னும் பின்னால் இருந்தவர்கள், "அழிச்சா அழிக்கட்டும், வழிய வுடுங்க" என்று கத்தினார்கள். வரிசை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நான் குந்தியபடியே மூன்றாம் கேட்டுக்கு நகர்ந்தேன். பாஸ்கரும் உட்கார்ந்து தன் கைக்குட்டையால் ஒன்றாம் கேட்டிலிருந்து துடைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பொட்டையும் துடைக்கும் முன் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இதை யார் வச்சது?" என்று சார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வரிசையின் நடுவிலிருந்து குரல் வந்தது. "நான்தான் நைனா வெச்சேன்!" தான் வைத்த பொட்டினால் தானே முக்கால் மணி நேரமாக மாட்டிக்கொண்டு நின்றிருந்தார் கனகம்மா அக்கா. பின்னால் ஸ்டெல்லா. இருவரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்கள்.

மடிப்புக் கலையாத சட்டையை அதுவரை யாரும் நைனா என்று கூப்பிட்டதில்லை. "நீங்க யாரு?" என்றார்.

"லேடீஸ் பெட்டி."

"என்ன பெட்டி?"

"கும்முடிப்பூண்டி வண்டி, லேடீஸ் பெட்டி. அந்தப் பொண்ண ஒண்ணும் பேசாத நைனா, நாங்க சொல்லித்தான் செஞ்சிச்சு. ஆமா, நான் கேக்கறேன், பொட்டு வெச்சா நின்னுபூடுமா ஒரு மிஷினு? எங்க ட்ரெயினுக்கு ஒடம்பு பூரா வெச்சிகிறோம், அது பாட்டுக்கு ஓடுது. நீ இன்னா மிஷினு வாங்கிக்கிற?"

சார் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். அப்படியே இறக்கினார். என்னைப் பார்த்து, "எழுத்துல விளக்கம் குடு" என்றார். எட்டப்போய் நின்று, "ஓவர்" என்றார்.

கைக்குட்டையை அக்காவிடம் நீட்டினேன். மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. "வெச்சிக்கோ. நாளைக்கு நீ எங்கனா போய்ட்டீன்னா உன் சீட்டுக்கு நான் இன்னாத்துக்கு கர்ச்சீப் போடப்போறேன்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

விளக்கக் கடிதத்தை வீட்டில் மூன்று தரம் எழுதினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஊரெல்லாம் சொல்லிவைத்த மனிதர், போய் எல்லோரிடமும் திரும்பச் சொல்ல முடியுமா? "சென்சார் என்று தெரிந்தே பொட்டு வைத்தேன். தாங்கள் மன்னிக்கவும். பாஸ்கர் அவர்களுக்கு இதில் சம்பந்தமில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அப்புறம் நாட்கள் பதினொன்றிலிருந்து ஒன்று வரை ஒவ்வொன்றாகக் கழிந்தன. பெட்டியில் அக்கா என் சீட்டுக்குப் புதிதாக ஒரு சிவப்புக் கைக்குட்டை போட்டார். தினமும் ஏறியதும், "நைனா இன்னா சொன்னாரு?" என்று எட்டுப் பேரும் கேட்பார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்பேன். ஸ்டெல்லா அன்றைக்கு எனக்கு ஒரு இட்லி கூடுதலாக வெட்டுவாள்.

கடைசி நாள் சார் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் அச்சடித்த படிவம். கோளாறுக்குக் காரணம் என்ற இடத்தில் கட்டங்கள்: மின்சாரம், நெட்வொர்க், எந்திரப் பழுது, மற்றவை. சார் 'மற்றவை'யில் டிக் போட்டு, பக்கத்தில் "உள்ளூர் வழக்கம்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்.

"சார், கோளாறு பண்ணதும் நான்தான்" என்றேன்.

"அதுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்லை" என்றார். பிறகு வாக்கி டாக்கியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார், "நாலு பேர் தேடியும் கிடைக்கலை. பேசாம நின்னிருந்தா உன்மேல வந்திருக்காது, பாஸ்கர் மேல போயிருக்கும். அதனாலதான் எழுதினேன். உனக்கு இன்னும் ஆறு மாசம் நீட்டிச்சாச்சு, போய் வேலையைப் பாரு." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் விக்கல் எடுத்தது.

வெளியே பாஸ்கர் நாலாம் கேட்டருகே இருந்தார். கேட்டின் முன்முகத்தில், எந்தக் கண்ணுக்கும் எட்டாத ஒரு மூலையில், கட்டைவிரல் அளவுக்கு வட்டமாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். "இங்க மட்டும். உங்க லேடீஸ் பெட்டிகிட்ட சொல்லிடு" என்றார்.

அடுத்த ஆயுதபூஜைக்கு ஒன்பது பேரும் வந்தோம். அக்கா ஸ்டிக்கரில் பொட்டு வைத்துவிட்டு, இவ்வளவு சின்னதாகவா என்று குறைபட்டுக்கொண்டார். கண்ணாடி அறைக்குச் சுண்டல் பொட்டலம் போனது. சார் வாங்கிக்கொண்டார், ஓவர் என்று சொல்லவில்லை.

அதற்கடுத்த வருடம் நோய் வந்து வண்டிகளெல்லாம் நின்றன. மறுபடி ஓட ஆரம்பித்தபோது எங்கள் பெட்டி திரும்ப வரவில்லை. பெட்டி வந்தது, ஆட்கள் வரவில்லை. ஸ்டெல்லாவின் கம்பெனி பணியாட்களுக்குப் பஸ் விட்டுவிட்டது. கணக்கு எழுதுகிறவள் வீட்டிலிருந்தே எழுதுகிறாள். கனகம்மா அக்காவுக்கு முட்டி போய், எல்லைக்கு அந்தப் பக்கம் மகன் வீட்டோடு போய்விட்டார். "ட்ரெயினு ஏற முடியலமே, நீ வா" என்று போனில் சொல்வார். வருகிறேன் என்பேன். எனக்கும் கல்யாணம், குழந்தை, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வாசலில் கேட் பாஸ் எழுதுகிற வேலை. எங்கே போனாலும் கேட் என்னை விடவில்லை.

போன வாரம் நகரத்துக்குப் போனது மூக்குக்கண்ணாடி மாற்ற. பழைய கண்ணாடியிலேயே அது நன்றாகத் தெரிந்தது. டோக்கன் இல்லை, அதைப் போடும் துவாரமும் இல்லை, கேட்டுகளே புதிது, ஸ்டிக்கரும் போய்விட்டது. ஆனால் நாலாம் கேட்டின் முன்முகத்தில், அதே மூலையில், ஈரம் காயாத சந்தனப் பொட்டு.

பிரைட்னஸ் ஏற்றச் சொன்ன பெண்ணைக் கூப்பிட்டு, "இத ஏம்மா இங்க வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"தெரியல மேடம். இந்த எடத்துலதான் வெக்கணுமாம். வேற எங்கனா வெச்சா மிஷின் கோச்சுக்கும்னு சீனியர் சொன்னாங்க."

நான்தான் அந்தக் கதை என்று சொல்ல வாயெடுத்தேன். வரிசையில் யாரோ "ச்சொ" என்றார்கள். அவள் ஓடிப்போய்விட்டாள்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்புகிற வண்டியில் லேடீஸ் பெட்டியில் ஏறினேன். ஜன்னலில் ஒரு மாவிலைகூட இல்லை. எல்லோர் காதிலும் ஒயர், எல்லோர் கண்ணும் கைபேசியில். பையைத் திறந்தேன். அந்த நீலக்கட்டக் கைக்குட்டையை நான் எப்போதும் வைத்திருப்பேன். எத்தனை சோப்புப் போட்டும் மஞ்சள் திட்டு போகவில்லை. எதற்கென்று தெரியாமலே அதைப் பக்கத்து சீட்டில் விரித்துப் போட்டேன். பேசின் பிரிட்ஜில் வழக்கம்போல வண்டி நின்றது. யாரும் தலை வாரவில்லை.

கொருக்குப்பேட்டையில் கூட்டம் ஏறியது. கையில் பொரி மூட்டையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். கைக்குட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆளு வருதாக்கா?"

கைக்குட்டையை எடுத்து மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"இல்லமா. உக்காரு."